பேட்டையும் காலனியும்
விருதுநகர் – சிவகாசி வட்டாரத்தில் குடியிருப்பின் வரலாறு

(இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பட்டாசு ஆலையில் வெடிவிபத்து நடந்த மறுநாள் நாளிதழில் வரும் ஊர்ப் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? 1991 ஜூலையில் மீனம்பட்டி. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி. 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். 2024 மே மாதம் செங்கமலப்பட்டி. இறந்தவர்கள் பட்டியலைப் பார்த்தால் அங்கும் இப்படித்தான், பட்டி, புரம், குளம் என்றே ஊர்கள் வரும். பட்டாசுப் பெட்டியின் மேல் அச்சாகும் பெயர் சிவகாசி. அந்தப் பெட்டிக்குள் இருப்பதைச் செய்தவரின் முகவரியில் சிவகாசி பெரும்பாலும் இருப்பதில்லை. தொழிலால் நகரம் வளர்ந்தது. தொழிலாளி நகரத்துக்குள் குடியேறவில்லை. ஏன்?

நகர்ப்புற வீட்டுவசதி பற்றிப் பேசுகிறவர்கள் சென்னையைப் பேசுவார்கள். கூவம் கரையிலிருந்து பிடுங்கப்பட்டுக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்க் கொட்டப்பட்ட மக்களைப் பேசுவார்கள். பேசத்தான் வேண்டும். ஆனால் இந்தியாவில் வேகமாக வளர்கிறவை பெருநகரங்கள் மட்டுமல்ல. நம் சிவகாசி போன்ற தொழில் ஊர்களும் வளர்கின்றன. அங்கே குடிசையை இடித்து மக்களை வெளியேற்றுவது பெரிதாக நடக்கவில்லை. நடந்தது வேறொன்று. உள்ளே வரவே விடாமல் ஒரு நகரம் கட்டப்பட்டது. அது எப்படி நடந்தது என்பதைத்தான் இன்று வரலாற்று வரிசையில் சொல்லப் பார்க்கிறேன்.

1. பேட்டை

இந்த வட்டாரத்தின் நகர வரலாறு பேட்டையில் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கே திருநெல்வேலிப் பக்கமிருந்து வணிகத்துக்காக வடக்கே வந்த நாடார்கள், சிவகாசி, விருதுப்பட்டி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஊர்களில் குடியேறினார்கள். வண்டியும் மாடும் சரக்கும் இரவில் பாதுகாப்பாகத் தங்குவதற்காக மதில் எழுப்பிய பேட்டைகளை உருவாக்கினார்கள். வணிகத்தில் ஒரு பங்கை ‘மகமை’ என்று பொதுநிதிக்குக் கொடுத்தார்கள். அந்த நிதியிலிருந்து கிணறு, சத்திரம், கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் வந்தன. உறவின்முறை அதை நிர்வகித்தது. விருதுப்பட்டி 1923-இல் விருதுநகர் ஆனது.

அவர்களும் அன்று ஒடுக்கப்பட்டவர்கள்தாம். கோயிலுக்குள் விடப்படவில்லை. கமுதிக் கோயில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1899 ஜூன் 6-ஆம் நாள் சிவகாசி தாக்கப்பட்டு நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன. ‘சிவகாசிக் கொள்ளை’ என்று பெரியவர்கள் இன்றும் சொல்வது அதைத்தான். எரிந்த இடத்திலேயே அவர்களால் மறுபடி வீடு கட்ட முடிந்தது. அந்த மண் அவர்களுடையதாக இருந்ததால், எரிந்த பிறகும் மனை மிஞ்சியது. அதன்மேல்தான் கடையும், பிறகு ஆலையும் வந்தன. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டி, அச்சு, பட்டாசு என்று மூன்று தொழில்கள் அந்த ஊரில் வேர்விட்டன.

இதை யாரையும் குறைசொல்வதற்காகச் சொல்லவில்லை. ஒடுக்கப்பட்ட ஒரு சமூகம் எழுந்து நிற்க என்ன வேண்டும் என்பதற்கு நம் கண்முன் இருக்கும் சான்று என்பதற்காகச் சொல்கிறேன். காலடியில் சொந்த மண்ணும் கையில் பொதுநிதியும் வேண்டும். தலித் மக்களுக்கு அந்த இரண்டில் முதலாவதே இல்லை. அவர்கள் இருந்த குடிசைக்கு அடியில் இருந்த மண்ணே வேறொருவருடையதாக இருந்தது.

2. நத்தம்

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891-இல் பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30-இல் பிறந்த அரசாணையைப் பஞ்சமி நில ஆணை என்று நாம் எல்லோரும் அறிவோம். விளைநிலத்தைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். அந்த அறிக்கையில் இன்னொரு முக்கியமான கவனிப்பு இருக்கிறது. சேரி இருக்கும் மனையே மிராசுதாரின் பிடியில் இருக்கிறது, எதிர்த்துப் பேசினால் குடியிருப்பிலிருந்தே விரட்டலாம், ஆகவே கூலியைப் பற்றிப் பேரம் பேச முடியாது என்பதை அவர் கண்டு எழுதினார். வீட்டுமனை என்பது கூலி விவகாரம் என்பதை நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அதிகாரி பதிவு செய்திருக்கிறார்.

இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா, ஆர். வீரையன் போன்றோர் சென்னைச் சட்டமன்றத்துக்குள் போன காலத்தில் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவை மிக எளியவை. நடக்கத் தெரு, குடிக்கக் கிணறு, குந்த மனை. பொதுச் சாலைகளும் கிணறுகளும் அனைவருக்கும் பொது என்ற தீர்மானம் 1924-இல் நிறைவேறியது. தொழிலாளர் ஆணையர் என்ற பதவி உருவாகி, அந்தத் துறை ஒடுக்கப்பட்டோருக்கு மனைகள் வாங்கித் தரத் தொடங்கியது. ‘காலனி’ என்று இன்று நாம் சொல்லும் குடியிருப்பு அந்த மரபில் வந்ததுதான்.

அந்த மரபின் பயனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மிராசுதாரின் மனையிலிருந்து விடுபட்டது பெரிய விடுதலை. ஆனால் மனை எங்கே கொடுக்கப்பட்டது? ஊருக்கு வெளியே. ஊர்த்தெருவில் காலி இடம் இருந்தாலும் அங்கே யாரும் விற்கவில்லை. அரசும் வற்புறுத்தவில்லை. விலை குறைந்த நிலம், ஓடையை ஒட்டிய நிலம், சுடுகாட்டுப் பாதை நிலம் வாங்கப்பட்டது. பழைய சேரி சாதியால் ஒதுக்கப்பட்டது. புதிய காலனி அரசாணையால் அதே திசையில் ஒதுக்கப்பட்டது. விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமா ‘கருக்கு’ நூலை 1992-இல் வெளியிட்டபோது, எந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்பதை அதில் விவரமாகச் சொல்லியிருந்தார். நம் ஊர்களை அறிய வேண்டுமானால் அங்கேதான் தொடங்க வேண்டும்.

விடுதலைக்குப் பிறகு வந்த சட்டங்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்க 1961-இல் ஒரு சட்டம். குடியிருப்பின் உரிமையையே கொடுக்க 1971-இல் ஒரு சட்டம். வீடு கட்டுவதற்காகவே 1974-இல் தாட்கோ. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலமெடுக்க 1978-இல் தனிச் சட்டம். இந்தக் கடைசிச் சட்டம் பட்ட பாடு தனிக்கதை. உச்சநீதிமன்றம் 1990-களின் நடுவில் அதைப் பெரும்பாலும் ஏற்றது. 2013-இல் மத்திய நிலமெடுப்புச் சட்டம் வந்த பின், 2019-இல் சென்னை உயர்நீதிமன்றம் அது செல்லாது என்றது. தமிழக அரசு அதே ஆண்டு புதுச் சட்டம் இயற்றி உயிர்ப்பித்தது. 2021-இல் உச்சநீதிமன்றம் அதற்கு ஒப்புதல் தந்தது. சேரிக்கு மூன்று சென்ட் நிலம் எடுப்பதற்குப் பின்னால் எத்தனை நீதிமன்றப் படிகள் என்று பாருங்கள்.

இந்தச் சட்டங்களில் பெரும்பாலானவை ஒரே சித்திரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கிராமத்தில் பண்ணைக்கூலி செய்யும் தலித் என்ற சித்திரம் அது. மறுபக்கம், நகரத்துக்கான சட்டங்களும் வந்தன. 1961-இல் வீட்டுவசதி வாரியச் சட்டம். 1970-இல் குடிசைமாற்று வாரியம். 1971-இல் குடிசைப் பகுதிச் சட்டம். அவற்றில் ஏழை இருக்கிறார், ஆனால் அவருக்குச் சாதி இல்லை. ஒருபுறம் சாதி உண்டு, நகரம் இல்லை. மறுபுறம் நகரம் உண்டு, சாதி இல்லை. இரண்டுக்கும் நடுவில் விழுந்தவர்தான் நம் பட்டாசுத் தொழிலாளி. அவர் கிராமத்தில் படுத்து, ஆலையில் உழைக்கிறவர். உழவுக் கூலியும் இல்லை, நகரவாசியும் இல்லை.

3. பஸ்

பட்டாசுத் தொழிலின் இட அமைப்பைச் சட்டமே தீர்மானிக்கிறது. 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும், 1940, 1983, 2008 ஆகிய ஆண்டுகளில் வந்த விதிகளும் ஆலைக்கும் குடியிருப்புக்கும் நடுவே இவ்வளவு தூரம், அறைக்கும் அறைக்கும் நடுவே இவ்வளவு தூரம் என்று வகுக்கின்றன. சரியான விதிதான். அதனால் ஆலைகள் நகரத்தை விட்டு வெளியே, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் பக்கத்து மானாவாரிக் கரிசல் காட்டில் எழுந்தன. மழை பொய்த்த நிலம் மலிவாகக் கிடைத்தது. மழை பொய்த்ததால் ஆட்களும் மலிவாகக் கிடைத்தார்கள்.

மற்ற தொழில்கள் என்ன செய்தன? பம்பாயில் மில்களோடு சால்கள் வந்தன. மதுரையில் ஹார்வி மில் தொழிலாளிகளுக்கு ஹார்விபட்டி வந்தது. மத்திய அரசு 1952-இல் தொழிற்சாலைத் தொழிலாளர் வீட்டுத் திட்டம் கொண்டுவந்தது. பீடித் தொழிலாளிக்கு 1976-இல் நலநிதிச் சட்டம் வந்து, அதன் மூலம் வீடு கட்ட உதவி கிடைத்தது. பட்டாசுத் தொழிலாளிக்கு அப்படியொரு மத்திய நலநிதி இன்றுவரை இல்லை.

அதற்குப் பதிலாக வந்தது பஸ். விடிவதற்கு முன் கிராமம் கிராமமாக வந்து ஆளேற்றிப் போகும் கம்பெனி வண்டி. 1983-இல் ஸ்மிது கோத்தாரி இந்தத் தீப்பெட்டி வட்டாரத்தைப் பற்றி எழுதிய கட்டுரை நாட்டை உலுக்கியது. நடுச்சாமத்துக்குப் பிறகு எழுப்பப்பட்டு வண்டிகளில் ஏற்றப்பட்ட குழந்தைகளை அவர் எழுதினார். குழந்தைத் தொழில் பற்றிய கட்டுரையாகவே அதை நாம் படித்தோம். அது வீட்டுவசதி பற்றிய ஆவணமும்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. தொழிலாளிக்கு ஆலை இருக்கும் நகரத்தில் வீடு இருந்திருந்தால் குழந்தையை அந்த நேரத்தில் எழுப்ப வேண்டிய தேவை என்ன? மீனம்பட்டி விபத்துச் செய்தியைப் பார்த்து உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையிலெடுத்து, 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் தீர்ப்பளித்தது. குழந்தைகள் ஆலையிலிருந்து பெருமளவு வெளியேறினார்கள். பஸ் நிற்கவில்லை. இப்போது அதில் அம்மாக்களும் அக்காக்களும் போகிறார்கள்.

பஸ் முதலாளிக்கு மிக மலிவான வீட்டுக் கொள்கை. வீடு கட்ட நிலம் வேண்டாம், குடிநீர் வேண்டாம், பள்ளிக்கூடம் வேண்டாம். தொழிலாளி படுக்கிற இடத்தின் செலவு முழுவதும் கிராமத்துக் காலனியின் தலையில். அதோடு இன்னொரு லாபமும் உண்டு. ஒரே நகர்ப் பகுதியில் ஆயிரம் தொழிலாளிக் குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்தால் சங்கம் வரும், தேர்தலில் எண்ணிக்கை வரும். முப்பது பட்டிகளில் சிதறிக் கிடந்தால், அதிலும் ஒவ்வொரு பட்டியிலும் ஊர்த்தெரு, காலனி என்று பிரிந்து கிடந்தால், எதுவும் வராது. தீபாவளி முடிந்து கையில் தரப்படும் முன்பணம் அந்தக் குடும்பத்தை அடுத்த தீபாவளி வரை அதே வண்டியோடு கட்டிப் போடும்.

மக்கள்தொகைக் கணக்கு இதை எண்ணால் சொல்கிறது. 2011-இல் சிவகாசி நகராட்சி எல்லைக்குள் இருந்தவர்கள் சுமார் 71 ஆயிரம் பேர். சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்த நகரத் திரளில் 2 லட்சத்து 34 ஆயிரம் பேர். அதாவது, நகரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நகராட்சிக் கோட்டுக்கு வெளியே இருந்தது. கோட்டுக்கு உள்ளே பாதாளச் சாக்கடை பற்றிப் பேசலாம். கோட்டுக்கு வெளியே தெருவிளக்குக்கு மனுக் கொடுக்க வேண்டும்.

4. வீடே ஆலையாகும்போது

காலனியில் கிடைத்த தொகுப்பு வீட்டை உங்களில் பலர் அறிவீர்கள். ஓர் அறை, ஒரு சமையல் ஒதுக்கு, ஒரு திண்ணை. நான் அப்படியொரு வீட்டில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் பகல் முழுக்கத் தீப்பெட்டி ஒட்டுவார்கள். பசை வாடையும் காய வைத்த பெட்டிகளும் இல்லாத நாள் நினைவில் இல்லை. மழை வந்தால் முதலில் பெட்டிகளைத்தான் உள்ளே எடுப்போம். பிறகுதான் துணி, பிறகுதான் நாங்கள்.

தீப்பெட்டி ஒட்டுவதும் பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுவதும் உயிருக்கு ஆபத்தில்லாத வேலை. ஆனால் அதே அறைக்குள் கருந்திரி வந்துவிட்டது. சட்டவிரோதமாக வீட்டில் திரி தயாரித்தவர் கைது என்று மாதம் ஒரு செய்தியாவது படிக்கிறோம். வீட்டில் வெடித்தது, சுவர் இடிந்தது, இறந்தார்கள் என்றும் படிக்கிறோம். கைதாகிறவர் யார்? அந்த வீட்டில் குடியிருப்பவர். திரியைக் கொண்டுவந்து கொடுத்தவரும் எடுத்துப் போகிறவரும் செய்தியில் இல்லை. 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. அதையடுத்து மாதக்கணக்கில் ஆலைகள் அடைத்துக் கிடந்தன. ஆலை அடைத்தால் கூலி நிற்கும், முன்பணக் கடன் நிற்காது. அப்போது வேலை வீட்டுக்குள் வருவதை யார் தடுக்க முடியும்?

ஆலைக்கும் குடியிருப்புக்கும் நடுவே தூரம் வேண்டும் என்று சட்டம் சொன்னது. ஓர் அறை வீட்டில் திரிக்கும் அடுப்புக்கும் நடுவே தூரம் நாலு முழம். 2012-இல் முதலிப்பட்டியில் நாற்பது பேர் அளவில் இறந்தபோது, அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்கள் அல்ல. புகையைப் பார்த்துக் காப்பாற்ற ஓடிப்போன அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். தூரம் என்பது வரைபடத்தில் மட்டும் இருந்தது. அச்சங்குளத்தில் உரிமம் ஒருவர் பெயரிலும் வேலை பலருடைய உள்குத்தகையிலும் இருந்தது விசாரணையில் வெளிவந்தது. உள்குத்தகை எடுத்தவர் அறையைக் கூட்டுவார், ஆளைக் கூட்டுவார், மரத்தடியிலும் வேலை வைப்பார். இடத்தைப் பற்றிய சட்டத்தை முதலில் மீறுவது ஏழையின் வீடு அல்ல. மேலிருந்தே மீறல் தொடங்குகிறது. தண்டனை மட்டும் கீழே வருகிறது.

5. சமத்துவபுரம்

நம் மாவட்டத்தின் பெயரிலேயே ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. 1985-இல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்தபோது இதன் பெயர் காமராஜர் மாவட்டம். 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. தலித் ஒருவரின் பெயரைத் தாங்கிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று எழுந்த எதிர்ப்பு கலவரமாயிற்று. உயிர்கள் போயின. அரசு கடைசியில் போக்குவரத்துக் கழகங்களில் இருந்தும் மாவட்டங்களில் இருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் எடுத்தது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது அப்படித்தான்.

அந்தத் தென்மாவட்டக் கலவரப் பின்னணியில்தான் சமத்துவபுரம் திட்டம் அறிவிக்கப்பட்டது. முதல் சமத்துவபுரம் 1998 ஆகஸ்டில் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. நூறு வீடுகள். தலித்துகளுக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. பிறகு மாநிலம் முழுக்க இருநூறுக்கும் மேல் கட்டப்பட்டன.

இந்தத் திட்டத்தை நம்மில் சிலர் ஒரேயடியாகக் கேலி செய்வதை நான் ஏற்பதில்லை. வீடு என்பது சாதிப் பிரச்சினை, அடுத்தடுத்த சுவரில் வாழ வைப்பது அரசின் வேலை என்று ஓர் இந்திய அரசு வெளிப்படையாக ஒப்புக்கொண்டது இதில்தான். அதன் குறை வேறு. ஊரை அப்படியே விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே சமத்துவத்துக்கு ஒரு தனி ஊர் கட்டினார்கள். உள்ளே நூறு குடும்பம் சேர்ந்து வாழும். வெளியே ஆயிரம் குடும்பம் பழையபடி இருக்கும். உத்தப்புரத்தில் 1989-இல் எழுப்பிய சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதம்தான் இடிக்கப்பட்டது. சமத்துவபுரங்கள் கட்டப்பட்ட காலம் முழுக்க அந்தச் சுவரும் நின்றது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2-இல் ஒரு மதில் விழுந்து 17 பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் தலித்துகள். மதில் அவர்களுடையது அல்ல.

இன்னொன்று. இந்தத் திட்டம் நகரத்துக்குள் வரவில்லை. நகராட்சி எல்லைக்குள் வீட்டுவசதி வாரியம் மனை விற்றபோது நூற்றுக்கு நாற்பது என்ற கணக்கு யாருக்கும் நினைவு வரவில்லை.

6. வாடகை

அம்பேத்கர் 1917-இல் வெளிநாட்டுப் படிப்பிலிருந்து திரும்பி பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போனார். அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி சத்திரமொன்றில் பெயரை மறைத்துத் தங்கி, கண்டுபிடிக்கப்பட்டு, தடிகளோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டார். கிராமத்தை விட்டு நகரத்துக்குப் போங்கள் என்று பிற்காலத்தில் நமக்குச் சொன்னவருக்கு, நகரமும் கதவை அடைக்கும் என்பது முன்பே தெரிந்திருந்தது. பட்டியலினத்தோர் சம்மேளனம் 1942-இல் தனிக் குடியிருப்புகள் கேட்டது வெறும் கோபத்தில் அல்ல. மண் இல்லாமல் உரிமை இல்லை என்ற அனுபவத்தில்.

நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு அறை தேடி அலைந்தேன். ஒரு வீட்டுக்காரர் நல்ல மனிதர், மோர் கொடுத்து உட்கார வைத்தார். “எந்த ஊரு தம்பி?” என்றார். சொன்னேன். “அங்க எந்தத் தெரு?” என்றார். அதையும் சொன்னேன். “மகளும் மருமகனும் வர்றதா சொல்லியிருக்காங்க தம்பி, மறந்தே போச்சு” என்றார். மோரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு எழுந்தேன். அவர் என் சாதியைக் கேட்கவே இல்லை. தெருவைத்தான் கேட்டார். காலனி என்ற முகவரி நம்மோடு நகரம் வரை வருகிறது.

இதைத் தடுக்கச் சட்டம் உண்டா? 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்கிறது. சாதி பார்த்து வீடு மறுப்பதைப் பற்றி அது பேசவில்லை. ஒரு சமூகத்தாருக்கு மட்டும் என்று வீட்டுச் சங்கம் விதி வைத்துக்கொள்ளலாம் என 2005-இல் உச்சநீதிமன்றம் ஒரு பார்சி வீட்டுக் கூட்டுறவுச் சங்க வழக்கில் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில், நிறம் பார்த்து வீடு மறுப்பதைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. அங்கே பாகுபாடு ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. மறுக்கப்பட்டவர் வழக்குப் போட ஒரு சட்டமாவது இருக்கிறது. நமக்கு வீட்டுக்கென்று அப்படியொரு தனிச் சட்டம் இல்லை. 1968 டிசம்பர் 25-இல் கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அதே ஆண்டுதான்.

7. மாநகராட்சி

2021-இல் திருத்தங்கலைச் சேர்த்துக்கொண்டு சிவகாசி மாநகராட்சி ஆனது. 48 வார்டுகள். அதே ஆண்டு குடிசைமாற்று வாரியமும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. எல்லைக்கோடு நகர்ந்திருக்கிறது. இன்னும் நகரும். நேற்று ஊராட்சிக் காலனியாக இருந்தது நாளை மாநகராட்சி வார்டாகும். இது நமக்கு வாய்ப்பா, ஆபத்தா? இரண்டும்தான்.

ஆபத்தை முதலில் சொல்கிறேன். எல்லை நகரும் என்று தெரிந்தவுடன் நிலத்தின் விலை ஏறும். கொடிக்கம்பம் நட்ட பிளாட்டுகள் காலனியின் வாசல் வரை வந்துவிட்டன. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. பணம் கட்டிப் பெரிய மனைப்பிரிவுகள் வரன்முறையாகின. காலனியில் முப்பது ஆண்டுக்கு முன் கொடுத்த பட்டாவுக்கு இடத்தை அளந்து காட்டாத கதையோ அப்படியே கிடக்கிறது. காகிதம் பெட்டியில், மனை இன்னொருவர் வேலிக்குள். புறம்போக்கில் இருப்பவர்கள் நகரம் நெருங்க நெருங்க ஆக்கிரமிப்பாளர்கள் ஆகிறார்கள். சென்னைக்கு ஒரு கண்ணகி நகர் போல, சிவகாசிக்கும் கண்காணாத கரிசலில் ஓர் அடுக்குமாடி வர வெகுகாலம் ஆகாது.

2015-இல் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில், பயனாளி தாமே கட்டிக்கொள்ளும் பிரிவுக்குச் சொந்த மனை வேண்டும். மனை உள்ளவருக்கு வீடு. மனை இல்லாதவருக்கு வரிசை. 1891-இல் கலெக்டர் கண்ட அதே இடத்துக்குத் திரும்பி வந்து நிற்கிறோம். 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடி ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் கொடுத்ததை நினைவில் வையுங்கள். நூறாண்டு தாண்டியும் கேள்வி மனையில்தான் நிற்கிறது.

இனி வாய்ப்பு. மாநகராட்சி என்றால் முழுமைத் திட்டம் எழுத வேண்டும். எந்த நிலம் எதற்கு என்று அதில் வகுக்க வேண்டும். அந்தக் காகிதம் எழுதப்படும்போது நாம் அங்கே இருக்க வேண்டும். நான்கு கோரிக்கைகளை இந்த அவையின் முன் வைக்கிறேன்.

ஒன்று, மாநகராட்சிக்கும் அதை ஒட்டிய ஊராட்சிகளுக்கும் உட்பட்ட ஒவ்வொரு காலனியிலும் பட்டாவையும் மனையையும் ஒப்பிட்டு அளக்க வேண்டும். பட்டாவில் பெண் பெயர் வர வேண்டும். ஆலை விபத்தில் கணவனை இழந்தவர் அடுத்த வாரம் மாமனார் வீட்டு வாசலில் நிற்கக் கூடாது.

இரண்டு, பீடித் தொழிலாளிக்கு இருந்ததுபோல் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளிக்கு வீட்டுநிதி வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் அதற்கொரு பங்கு வர வேண்டும். நாடார் சமூகம் தன் வணிகத்திலிருந்து மகமை எடுத்து நகரம் கட்டியது. அந்த வணிகத்துக்கு உழைப்பைக் கொடுத்தவர்களுக்கும் ஒரு மகமை உரியதுதான்.

மூன்று, வீட்டுவசதி வாரியமும் மாநகராட்சியும் நகரத்துக்குள் உருவாக்கும் மனைகளில், கலப்பாகவும் கட்டாயமாகவும் தலித் குடும்பங்களுக்கு இடம் வேண்டும். தனித்தெருவாக அல்ல. ஊருக்கு வெளியே அல்ல.

நான்கு, சாதி கேட்டு, தெரு கேட்டு வீடு மறுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் வேண்டும்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை. அரசு அளக்கும்வரை காத்திருக்காதீர்கள். அடுத்த விடுமுறையில் உங்கள் காலனிக்கு ஒரு நோட்டோடு போங்கள். எந்த ஆண்டு மனை கிடைத்தது, யாரிடமிருந்து எடுத்தார்கள், பட்டா யார் பெயரில், இன்று அங்கே யார் இருக்கிறார்கள், வீட்டில் என்ன வேலை நடக்கிறது, பஸ் எத்தனை மணிக்கு வருகிறது என்று வீடு வீடாக எழுதுங்கள். பாட்டிகளைக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியாத எல்லைக்கல் இல்லை. ஐம்பது காலனிகளின் நோட்டு ஒன்று சேர்ந்தால், அது இந்த மாவட்டத்தின் எழுதப்படாத வரலாறு. முழுமைத் திட்டத்தின் மீது ஆட்சேபம் கேட்கும் நாளில் அந்த நோட்டுகளோடு போய் நிற்போம்.

இரட்டைமலை சீனிவாசன் லண்டன் வட்டமேசை வரை போய்ப் பேசியவர். அவர் தலைமுறை கேட்டது தெருவில் நடக்கும் உரிமை. அது ஏட்டளவிலாவது கிடைத்து நூறாண்டு ஆகிறது. அந்தத் தெருவில் குடியிருக்கும் உரிமையைக் கேட்பது நம் தலைமுறையின் வேலை.